இளைத்த கோழியும் இரவல் கோழியும்

சண்முகவள்ளியைக் கையும் கோழியுமாகக் கொல்லைப்புறத்தில் நிறுத்திவிட்டுத்தானே போன வாரம் கிளம்பினோம்? பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நேற்று சனிக்கிழமை, இன்று ஞாயிற்றுக்கிழமை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவணியில் மகன் மணிமாறனுக்குக் கல்யாணமாகி, மருமகள் கௌசல்யா ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்தாள். கட்டில், பீரோ, பாத்திரங்களோடு ஒரு செவலைக் கோழியும் வேனில் வந்து இறங்கியது. இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத வெடைக்கோழி. பெண்ணோடு உயிருள்ளதாக ஒன்று போக வேண்டும் என்பது அவள் அப்பா ஆண்டிச்சாமி வீட்டு வழக்கமாம். சண்முகவள்ளி தன்னுடைய நான்கு கோழிகளோடு அதையும் வலையடித்த கூண்டுக்குள் விட்டாள்.

இப்போது மாசி. இந்நேரம் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளோடு திரிய வேண்டிய கோழி. முட்டையும் இல்லை, வந்தபோது இருந்த எடையும் இல்லை. இறக்கைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி உள்ளங்கையில் உறுத்துகிறது.

நேற்று ஆண்டிச்சாமி போன் செய்தார். மகளை அவர் அம்மிணி என்றுதான் சொல்வார்.

"வடமதுரைல ஒரு சோலியிருக்குதுங்க சம்பந்தியம்மா. நாளைக்கு மத்தியானம் அப்படியே வந்து அம்மிணியப் பாத்துட்டு, கோழியையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போறனுங்க."

அந்தக் 'கோழியையும்' என்ற சொல்லைக் கேட்டு எடுத்த கோழியைத்தான் சண்முகவள்ளி இன்னும் கீழே விடவில்லை.

"என்னடி, விடிஞ்சதும் விடியாததுமா கோழியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" பல்குச்சியும் வாயுமாக வந்தார் புருஷன் பொன்னுத்துரை. வெங்காயப்பேட்டையில் எடைபோடுகிற மனுஷர். மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்வார் என்று பெயர்.

"நீங்களே தூக்கிப் பாருங்க."

தூக்கினார். முகம் சுளித்தார். "பஞ்சு கணக்கா இருக்கு. ஒரு கிலோ தேறாது."

"அதத்தான நான் தை மாசத்துல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"கண்ணு பட்டிருக்கும். மிளகா சுத்திப் போடு."

"கோழிக்கா?"

"ஏன், கோழிக்குக் கண்ணு படாதா?"

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். அவர் பாடு அவ்வளவுதான். சம்பந்தி முன்னால் முழிக்கப் போவது அவரா?

சண்முகவள்ளி ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. இறக்கையை விரித்து விரித்துப் பேன் பார்த்தாள், இல்லை. மருந்துக்கடையில் பூச்சி மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தாள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் தட்டி உருட்டி, அலகைப் பிளந்து ஊட்டினாள். எச்சத்தைக்கூடக் குச்சியால் கிளறிப் பார்த்தாகிவிட்டது. சளி இல்லை, கழிச்சல் இல்லை. கொண்டை மட்டும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது.

அவளுக்குக் கோழியைவிடத் தன் பெயர்தான் பெரிய கவலை. மருமகள் வந்த நாளாக ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நகை என்ன போட்டார்கள் என்று கேட்டதில்லை. "வள்ளி மாதிரி மாமியார் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று தெருவே சொல்கிறது. அப்பேர்ப்பட்டவள் வீட்டில், பெண் வீட்டார் ஆசையாகக் கொடுத்த ஒரே ஒரு கோழி எலும்பும் தோலுமாக நின்றால் அந்த மனுஷர் என்ன நினைப்பார்? கோழிக்கே இந்தக் கதி என்றால், என்று நினைக்க மாட்டாரா?

அங்கே நின்றபடியே அவள் கண் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் போனது. ஜெய்தூன் பீவியின் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதுவும் செவலை. அதே வாகு, அதே வால். உருண்டு திரண்டு பந்து போல இருந்தது.

புத்தி போன போக்கைப் பாருங்கள்!

"ஜெய்தூனக்கா, ஒரு ஒத்தாச பண்ணணும். ஒங்க செவலைய இன்னைக்கு ஒரு பொழுது குடுங்க."

ஜெய்தூன் பீவி முறத்தைக் கீழே வைத்தார். "அறுக்கவா?"

"ஐயோ, இல்லக்கா. சும்மா நிக்கட்டும். சம்பந்தி வாராரு, பாத்துட்டுப் போயிருவாரு."

விஷயம் முழுதும் கேட்ட பிறகு ஜெய்தூன் பீவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "யா அல்லா! பொண்ணு மாத்திக் காட்டுனதக் கேள்விப்பட்டிருக்கேன். கோழிய மாத்திக் காட்டுறவ நீ ஒருத்திதாண்டி வள்ளி!"

"மெல்லக்கா, மருமகளுக்குக் கேக்கும்."

"ஏன், அந்தப் புள்ளைக்குத் தெரியாதா தன்னோட கோழி எதுன்னு?"

சண்முகவள்ளி சுவருக்கு மேல் கையை நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போ. பொழுது சாயறதுக்குள்ள திருப்பி விட்டுரு. எம்மக புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி, அவளுக்கு ஆக்கிப்போடத்தான் வச்சிருக்கேன்" என்று பிடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதும் சிரித்தார்.

இரவல் கோழி கூண்டுக்குள் போனது. சொந்தக் கோழி, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், கோழி மூடுகிற மூங்கில் பஞ்சாரத்துக்குள் போனது. சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று ஒரு பிடி கம்பை உள்ளே இறைத்தாள் சண்முகவள்ளி.

கோழி பாய்ந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் மடியை உதறி நிமிர்வதற்குள் ஒரு மணி மிச்சமில்லாமல் பொறுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தது.

இன்னொரு பிடி போட்டாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது பிடியைப் போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டாள். சீக்குக் கோழி இப்படியா தின்னும்? சீக்குக் கோழி இரையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கும். இதுவோ தொண்டைப்பை பிதுங்கிப் பக்கவாட்டில் தொங்குகிற அளவுக்குத் தின்றுவிட்டு, இன்னும் போடு என்று நிற்கிறது.

எழுந்து கூண்டுப்பக்கம் போனாள். தட்டில் கம்பைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் திரும்பிப் போகாமல் நின்று பார்த்தாள். அவ்வளவு பெரிய இரவல் கோழி தட்டுப் பக்கம் வந்ததும் இவளுடைய கருங்கோழி ஒரே கொத்தாக மண்டையில் கொத்தித் துரத்தியது. மற்ற மூன்றும் கூடச் சேர்ந்துகொண்டன. வந்தது மூலையில் போய் ஒடுங்கி நின்றது. தட்டு காலியானது. ஆளில்லாத தட்டை அது கடைசியில் வந்து கொத்திப் பார்த்தது. உமிதான் இருந்தது.

"அடிப்பாவிகளா!" என்றாள் சண்முகவள்ளி.

நோயுமில்லை, பேயுமில்லை. பசி! புதிதாக வந்ததை இதுகள் தின்னவே விடவில்லை. விட்டாலும் என்ன இருந்தது? நான்கு கோழி இருந்தபோது வேளைக்கு இரண்டு பிடி கம்பு போட்டாள். ஐந்தாவது வந்தது. அப்போதும் அதே இரண்டு பிடிதான். கை பழகிய கணக்கு. அதைக் கூட்ட வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

அவளுக்கு வந்ததென்னவோ சந்தோஷம். ஒரு மாதமாக மண்டையைக் குடைந்த சங்கதி அல்லவா? யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். அடுக்களைக்குள் ஓடினாள்.

கௌசல்யா உலை வைத்துவிட்டு, அரிசி களையும் பானையோடு காத்துக்கொண்டிருந்தாள். சமையல் அவள் கையில் வந்துவிட்டது. ஆனால் அரிசிப் பானை மாமியார் கையில்தான். உழக்கை எடுத்துச் சண்முகவள்ளி அளந்து போட்டால்தான் உலைக்கு அரிசி. அந்த வீட்டில் சண்முகவள்ளியின் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். அதில் மருமகளை அடக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. பழக்கம்.

"ஏத்தா கௌசல்யா, கண்டுபிடிச்சிட்டேன்! கோழிக்கு ஒண்ணுமே இல்ல. பசி, வெறும் பசி!" உழக்கை அரிசிக்குள் அமுக்கினாள். "அம்புட்டுக் கம்பத் தின்னுச்சு, நீ பாத்திருக்கணும்."

"பாத்தனுங்க அத்தை. ஜன்னல்ல தெரிஞ்சுது." கௌசல்யாவின் குரல் எப்போதும்போல் மெதுவாகத்தான் இருந்தது. "கூண்டுல நிக்கறது நம்ம கோழி இல்லீங்களே?"

சண்முகவள்ளிக்குச் சுருக்கென்றது. "அது... ஒங்கப்பா மனசு வருத்தப்படக் கூடாதுன்னுதான் தாயி. ஒரு பொழுதுக்கு. நீ எதுவும் சொல்லிக்காத."

"சரிங்க அத்தை."

ஒரு உழக்கைத் தலைதட்டிப் பானையில் போட்டாள். இரண்டாவதையும் போட்டாள். "எல்லாம் எம்மேல தப்பு. அதுகளச் சொல்லி என்ன? ஒரு வாய் கூடுச்சு, நான் தீனியக் கூட்டவே இல்ல. அது வாரதுக்கு முன்னாடி என்ன போட்டனோ அதையேதான் போட்டுக்கிட்டிருந்திருக்கேன். இன்னைக்கு ஒங்கப்பாவும் சாப்பிட வாராரு, இன்னொரு உழக்கு..."

மூன்றாவது உழக்கு அரிசியோடு அவள் கை அந்தரத்தில் நின்றது.

கௌசல்யா பானையை நீட்டியபடி நின்றாள்.

இரண்டு உழக்கு. புருஷன், மகன், தான். மூன்று பேருக்கு வேளைக்கு இரண்டு உழக்கு. கல்யாணத்துக்கு முன்னாலும் இரண்டு உழக்குதான். ஆவணியில் இவள் வந்தாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. இரண்டு உழக்குதான்.

விருந்தாளி வந்தால் ஒரு உழக்கு கூட்டத் தெரிந்த கைக்கு, வீட்டுக்கு வந்தவளுக்காக ஒரு பிடி கூட்டத் தெரியவில்லையே!

சண்முகவள்ளி மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான். கன்னத்தில் இருந்த சதை எங்கே போயிற்று? கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் தோளில் வழிந்து, ஊக்கு குத்தியிருந்தது. காலையில் ஆண்கள் இருவருக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் அடுப்படி. இரவில் எல்லோருக்கும் பரிமாறுவாள். "நீயும் உக்காரு" என்று சண்முகவள்ளி ஒப்புக்குச் சொல்வாள். "நான் அப்புறம் சாப்பிட்டுக்கறனுங்க" என்பாள். சண்முகவள்ளி தன் தட்டைக் கழுவிவிட்டு டிவி முன்னால் போய் உட்காருவாள். அந்த 'அப்புறம்' எப்படி இருந்தது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"ராத்திரி பானையில என்ன மிச்சம் இருக்கும் தாயி?" என்று கேட்டாள்.

"இருக்குமுங்க, ஏதாச்சும். அடிப்பிடிச்சது இருக்கும். மோர் ஊத்திக்குவேன்."

"மத்தியானம் கடையில?"

"டீ குடிப்பனுங்க."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? அரிசி பத்தலன்னு ஒரு வார்த்த கேட்டா நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

கௌசல்யா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வந்த வீட்டுல சோறு பத்தலைன்னு எப்படிங்க அத்தை கேக்கறது? நீங்க அளந்து போடறீங்க. அவ்வளவுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சண்முகவள்ளிக்கு முகமெல்லாம் காந்தியது. திட்டவில்லை, அடிக்கவில்லை, சீர் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசிய வாய் உலர்ந்துபோனது. பட்டினி போட்டிருக்கிறாள். தெரியாமல் போட்டால் பட்டினி இல்லையென்று ஆகிவிடுமா?

அவசர அவசரமாக மூன்றாவது உழக்கைக் கொட்டினாள். நான்காவதை அள்ளினாள்.

கௌசல்யா பானையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாமுங்க அத்தை."

"ஏந்தாயி?"

"அப்பா வர்றாருன்னு இன்னைக்கு மட்டும் போட வேண்டாமுங்க."

அதற்கு மேல் அடுக்களையில் நிற்கச் சண்முகவள்ளியால் முடியவில்லை. கொல்லைக்கு வந்து பஞ்சாரத்தின் மேல் கையை வைத்தாள். கோழியைத் திரும்ப மாற்றிவிடலாமா? மாற்றினால் ஏன் இளைத்தது என்று கேட்பார். சொல்ல வேண்டிவரும். ஒரு அவமானத்தையே விழுங்க முடியாமல் நிற்கிறவள் இரண்டாவதைத் தேடிக்கொள்வாளா? இப்படியே போய்விடட்டும் என்று விட்டுவிட்டாள். நாளையிலிருந்து சரியாக நடந்துகொண்டால் போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். அது சமாதானமாகவில்லை.

ஆண்டிச்சாமி சொன்னபடி மத்தியானம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு பை நிறைய முருங்கைக்காய். முருங்கைத் தோட்டத்து வெயிலில் காய்ந்த மனுஷர்.

"வாங்கண்ணே, வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"நல்லா இருக்கறமுங்க. ஏன் அம்மிணி, எப்படிச் சாமி இருக்கறே?"

கௌசல்யா சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "நல்லா இருக்கறேன்ப்பா."

அவர் சொம்பை வாங்கினார். குடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க அடிப்பக்கம் நூல் சுற்றியிருந்தாள். சண்முகவள்ளியும் அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம். மணிமாறன் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து ஏதோ மேட்ச் பார்த்தபடி சாப்பிட்டான். நல்ல பையன்தான். பைக் ஷோரூமில் வேலை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். நிமிர்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

"கௌசி, இன்னும் கொஞ்சம் சோறு" என்றான்.

கௌசல்யா போட்டாள். சண்முகவள்ளி குண்டாவை எட்டிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்கள் சாப்பிடச் சாப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங் மாப்ளே" என்றார் ஆண்டிச்சாமி சாதாரணமாக. "அம்மிணி காத்தால என்ன சாப்புடுது?"

மணிமாறன் போனிலிருந்து கண்ணை எடுத்தான். "காலையிலயா மாமா? இட்லி, தோசை..." கொஞ்சம் யோசித்தான். "நான் எட்டரைக்குக் கெளம்பிருவேன். அவ அப்புறம் சாப்பிடுவா."

"சரிங்க, சரிங்க" என்றார். பிசைந்த சோற்றை உண்டு முடித்தார். மறுசோறு வேண்டாம் என்று கையை மறித்துவிட்டு எழுந்தார்.

"கோழியப் பாக்கலாமுங்களா?"

பொன்னுத்துரையும் எழுந்து கூடவே வந்தார். கூண்டைத் திறந்து இரவல் கோழியைப் பிடித்து நீட்டியது அவர்தான். அவருக்கு மாற்றிய விஷயம் தெரியாது. தூக்கியவர் எடை கண்டு மலைத்துப்போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆண்டிச்சாமி கோழியை வாங்கி மடக்கிப் பிடித்தார். நெஞ்சைத் தடவினார். பிறகு இடது காலைப் பிரித்து, கடைசி விரலைக் கட்டை விரலால் நிரடினார். சண்முகவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. குஞ்சாக இருக்கும்போதே அடையாளத்துக்கு விரல் நுனியைக் கிள்ளிவிடுவார்கள் அவர்கள் வீட்டில். கௌசல்யாவே அதை வந்த புதிதில் காட்டியிருக்கிறாள். பஞ்சாரத்துக்குள் கிடப்பதற்கு இடது கால் கடைசி விரலில் நுனி கிடையாது.

இதற்கு முழு விரலும் இருந்தது.

ஆண்டிச்சாமி மகளைப் பார்த்தார். கொல்லைக் கதவின் படியில் நின்ற கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கோழியைப் பதமாகக் கீழே விட்டார்.

"நல்லாத் தேறியிருக்குதுங்க" என்றார். "ரொம்பச் சந்தோசமுங்க சம்பந்தியம்மா."

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். ஜெய்தூனக்கா மாதிரி சிரித்திருந்தால்கூடச் சேர்ந்து அசடு வழிந்திருப்பாள். சம்பந்தி மானம் போய்விடக் கூடாதே என்று இந்த மனுஷர் தெரிந்தே பொய் சொல்கிறார். பெண்ணைக் கொடுத்துவிட்டதால் பொய் சொல்கிறார். அதைத்தான் சண்முகவள்ளியால் தாங்க முடியவில்லை.

"அது ஒங்க கோழி இல்லண்ணே!" என்றாள்.

"ஏய், என்னடி?" என்றார் பொன்னுத்துரை.

அவள் விடுவிடுவென்று போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். இளைத்த கோழியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுதாண்ணே ஒங்களுது. ஒங்களுக்குக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிய வாங்கி விட்டேன். என்னய மன்னிச்சிருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை. "நோவுங்களா?"

"நோவு இல்லண்ணே. பசி. நாலுக்குப் போட்ட தீனியத்தான் அஞ்சுக்கும் போட்டேன். இருந்ததையும் மத்ததுக தின்ன விடல. நான் நின்னு பாக்கல." இத்தோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் வாய் நிற்கவில்லை. "கோழிக்கு மட்டும் இல்லண்ணே. ஒங்க பொண்ணுக்கும் அப்படித்தான் பண்ணியிருக்கேன். மூணு பேருக்கு அளந்த அரிசியத்தான் இன்னைக்கு வரைக்கும் அளந்துக்கிட்டிருந்திருக்கேன். அது கடைசியா உக்காந்து அடியச் சொரண்டித் தின்னுருக்கு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அது நாயமாகாது. நான் பாத்திருக்கணும்."

பொன்னுத்துரை, மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்கிற மனுஷர், தன் வீட்டு மருமகளை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார்.

ஆண்டிச்சாமி துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு அம்மிணி வந்தப்பவே பாத்துட்டனுங்க" என்றார். "அவுங்கம்மா ராத்திரியெல்லாம் அழுதுச்சு. அம்மிணியக் கேட்டா ஒண்ணுமில்லைங்குது. பொண்ணக் குடுத்தவன் நாங்க. ஏனுங்க எம்பொண்ணு இப்படி இருக்குதுன்னு உங்க வாசல்ல வந்து கேக்க முடியுங்களா? கோழியப் பத்தித்தானுங்க கேக்க முடியும். அதனாலதான் கோழியப் பாக்க வாரேன்னேன்."

சண்முகவள்ளிக்கு அழுகை வந்தது. அழவும் கூச்சமாக இருந்தது. தான் அழுதால் அந்த மனுஷர் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவருக்கு வைக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கோழிய நான் எடுத்துட்டுப் போறனுங்க" என்றார் அவர். "கொஞ்ச நாள் தேத்திக் கொண்டாந்து விடறேன்."

"நல்லதுண்ணே" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

கௌசல்யா கொல்லைப் படியை விட்டு உள்ளே போயிருந்தாள். கோழியைக் கட்டக் கயிறு எடுக்கப் போயிருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது கையில் கயிறு இல்லை. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த நீலத் துணிப்பை இருந்தது. ஜிப் இழுத்து மூடியிருந்தது.

"அப்பா, நானும் வர்றேன்" என்றாள்.

ஆண்டிச்சாமியே இதை எதிர்பார்க்கவில்லை. "சாமி, யோசிச்சுத்தான்..."

"யோசிச்சாச்சுப்பா."

"தாயி!" சண்முகவள்ளி குறுக்கே வந்தாள். கையைப் பிடிக்கப் போய், பிடிக்கத் தனக்கு உரிமையில்லை என்று பட்டு, பாதியில் விட்டாள். "நீ இன்னும் சாப்பிடக்கூட இல்லையே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. நான் போடுறேன், நீ உக்காரு."

"பசியில்லீங்க அத்தை." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. குனிந்து மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நீங்க என்னைய எதுவும் சொன்னதில்லீங்க. அதை எங்கேயும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

கூடத்தின் வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். மணிமாறன் மூன்றாவது தடவை போட்டுக்கொண்ட ரசம் சோற்றில் இருந்தான். மேட்ச் சத்தத்தில் கொல்லையில் பேசிய எதுவும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை. மாமனார் கக்கத்தில் கோழியோடு போவதையும், பின்னாலேயே பெண்டாட்டி பையோடு போவதையும் பார்த்துவிட்டுத்தான் போனைக் கவிழ்த்தான்.

"ஏய் கௌசி, எங்க கெளம்பிட்ட?"

"ஊருக்குங்க."

"என்ன திடீர்னு? எப்ப வருவ?"

கௌசல்யா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் எச்சில் கையோடு அரைகுறையாக எழுந்தான்.

"எந்திரிக்காதீங்க" என்றாள், திரும்பிப் பார்த்து. "நீங்க சாப்பிட்டு முடிங்க."

கேட்டை அவர்களே சாத்திக்கொண்டு போனார்கள். மணிமாறன் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. தட்டில் சோறு பாதி இருந்தது. அதைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். சண்முகவள்ளிக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.